ஒன்றாம் எண் மரியாதை

பஞ்சாட்சரத்தின் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ஐந்து பதவிகள் அச்சாகியிருந்தன. நிறுவனர், தலைவர், நிர்வாக இயக்குநர், தலைமைத் தொழில்நுட்ப ஆலோசகர், உலகளாவிய ஒருங்கிணைப்பாளர். ஐந்து பேருக்கும் சேர்த்து நாற்காலி ஒன்றுதான். அதிலும் ஒரு சக்கரம் கழன்றிருந்ததால், அவர் எப்போதும் இடது பக்கம் சாய்ந்தபடிதான் உலகத்தை ஒருங்கிணைத்தார்.

கம்பெனி, திருத்தணி அரக்கோணம் ரோட்டில், சேட்டு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ் கடை, கம்ப்யூட்டர் சென்டர் என்று வரிசையாக அவதாரம் எடுத்த அவருடைய தொழில், 2008-ல் ‘ஷண்முகா குளோபல் இன்ஃபோவிஷன்’ ஆகி நின்றது. பெங்களூரிலிருந்து வீடியோத் துண்டுகள் வரும். அதில் தெரிகிற ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் மவுஸால் ஒரு பெட்டி போட வேண்டும். ஆளுக்கு ஒரு எண். அந்த ஆள் படத்துக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை, குனிந்தாலும், குடைக்குப் பின்னால் மறைந்தாலும், அதே எண் அவரோடு நகர வேண்டும். இப்படி லட்சம் பெட்டி போட்டுக் கொடுத்தால், எங்கோ ஒரு கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பார்த்து, ஆள் என்றால் எப்படி இருப்பான் என்று தானாகவே கற்றுக்கொள்ளும். கூட்டம் எங்கே நெரியப் போகிறது என்று முன்னாலேயே சொல்லும்.

“மிஷினுக்கு நாங்கதான் கண்ணு வெக்கிறோம்” என்று பஞ்சாட்சரம் ஊரெல்லாம் சொல்லிவைத்ததில், இலவசக் கண் பரிசோதனை என்று நினைத்து பள்ளிப்பட்டிலிருந்து இரண்டு பேர் மாடியேறி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பியவள் தமிழ்செல்வி. மோர் கொடுப்பது மட்டுமில்லை, அந்தக் கம்பெனியில் வேலை என்று எதெல்லாம் உண்டோ அதெல்லாம் அவள் பொறுப்பு. வேலை அல்லாதது ஐந்து பதவிக்காரரின் பொறுப்பு.

தமிழ்செல்விக்கு இருபத்தேழு வயது. விவசாயக் குடும்பம். இங்கே வருவதற்கு முன் மூன்று வருடம் விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு டேட்டா என்ட்ரி செய்துவிட்டு, ராத்திரி வந்து சேர்ந்துகொண்டிருந்தவள். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் இடையில் அவள் தூங்கி விழாத தோளே பெண்கள் பெட்டியில் இல்லை. இப்போது பத்து நிமிஷ பஸ். மத்தியானம் சூடாகச் சோறு. இந்தப் பத்து நிமிஷத்தை யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

பயப்பட நியாயமும் இருந்தது. பெங்களூர்க்காரர்கள் இதுவரை கொடுத்ததெல்லாம் சில்லறை வேலை. ஆவணி மாதத்தில்தான் பெரிய சோதனை வந்தது. நாற்பது வீடியோத் துண்டுகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். அவர்களே சிலவற்றுக்கு ரகசியமாகப் பெட்டி போட்டு வைத்திருப்பார்கள். அதோடு இவர்கள் போட்டது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் இரண்டு வருட வேலை திருத்தணிக்கு. இல்லையென்றால் சேட்டு மண்டபத்து மாடி மறுபடி பந்தல் சாமான் வைக்கிற இடம்; தமிழ்செல்வி மறுபடி ரயிலில்.

ஆனால் திங்கட்கிழமை காலை முதல் துண்டைத் திறந்ததுமே பயம் போய், பெட்டி போடும் பன்னிரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

“ஏய்! இது நம்ம மலை!”

ஆடிக் கிருத்திகைக் கூட்டம். படிக்கட்டின் மேலே எங்கோ காமிரா வைத்து எடுத்திருந்தார்கள். மஞ்சள் வேட்டி, புஷ்பக் காவடி, சந்தனம் பூசின மொட்டை. இதுவரை யாரோ வெளியூர்க்காரர்கள் எந்த ஊரிலோ ரோடு தாண்டுவதையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தவர்களுக்கு, திரை முழுக்கச் சொந்தக்காரர்கள்.

“அது எங்க அத்த! அரோகரா சொல்லாம போன்ல பேசிகினு போவுது பாரு!” என்றாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் பாஞ்சாலி. “அக்கா, இது நீதானே? காவடிக்குப் பின்னால பாதி மூஞ்சி?”

தமிழ்செல்வி குனிந்து பார்த்தாள். அவளேதான். எண்பத்தெட்டாவது ஆள். “பாதி மறைவு” என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, “சரி, போய் வேலயப் பாருங்க. அத்தைக்கும் பெட்டி போடு, போனுக்குப் போடாத” என்றாள். ஆனால் அவளுக்கே கை பரபரத்தது. இந்தக் கூட்டத்தை இவர்களைவிட எவன் சரியாக எண்ணுவான்?

அன்றைக்கே பெங்களூரிலிருந்து ஸ்ரீவர்ஷினி போன் செய்தாள். திட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். படபடவென்று பேசுவாள்.

“தமிழ்செல்வி, இந்தத் தடவை லாகின் எல்லாம் நீங்களே பண்ணிக்கலாம். நாலு படி இருக்கு. வியூவர் சும்மா பார்க்கலாம். அன்னொட்டேட்டர் பெட்டி போடலாம். ரிவியூவர் சரிபார்க்கலாம். அட்மின் எதை வேணா மாத்தலாம், அழிக்கலாம். அதனால அட்மின் மட்டும் ஒருத்தருக்கு, மிஞ்சிப் போனா ரெண்டு பேருக்கு. புரியறதா?”

தமிழ்செல்விக்குப் புரிந்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பஞ்சாட்சரத்துக்கு வேறு விதமாகப் புரிந்தது. நாலு படி, உச்சியில் அட்மின். போனை வைத்ததும் நாற்காலியில் இடப்பக்கமாக நிமிர்ந்தார்.

“தமிழு, எழுதிக்க. அட்மின் லிஸ்ட்டு. மொதல்ல நம்ம சேட்டு அண்ணன்.”

பெயர்தான் சேட்டு, பரம்பரை விவசாயி. மண்டபத்துக்குச் சொந்தக்காரர். கரண்ட் போனால் மாடிக்கு லைன் கொடுக்கும் ஜெனரேட்டருக்கும் சொந்தக்காரர்.

“சார், அவருக்குக் கம்ப்யூட்டரே தெரியாதே சார்.”

“தெரியணும்னு யாரு சொன்னா? கும்பாபிஷேகப் பத்திரிகைல பேரு போடறாங்களே, அவங்கள்லாம் மந்திரமா சொல்றாங்க? ரெண்டாவது இளங்கோவன். முன்னாள் கவுன்சிலரு. சேட்டு அண்ணனுக்குக் குடுத்துட்டு அவருக்குக் குடுக்கலன்னா தெருவுல தல காட்ட முடியாது. மூணாவது நானு.”

இப்படியே ஒன்பது பேர் வந்தார்கள். தமிழ்செல்வி பேனாவை நிறுத்தினாள்.

“எனக்கு சார்?”

“உனக்கு இன்னாத்துக்கு? நீ வேல செய்யறவ” என்றார் பஞ்சாட்சரம், மிகுந்த அன்போடு. “ரிவியூவர்னு போட்டுக்க.”

செவ்வாய்க்கிழமை கீழே மண்டபத்தில் முகூர்த்தம் இல்லை என்பதால், அங்கேயே அட்மின் வழங்கும் விழா நடந்தது. தாம்பூலத் தட்டில் பழம், சால்வை, லேமினேட் செய்த பாஸ்வேர்டு. பெயரை வாசிக்கும்போது பாஸ்வேர்டையும் சேர்த்து மைக்கில் வாசித்தார் பஞ்சாட்சரம். தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது. பஞ்சாட்சரம் தன் அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். மற்ற எட்டு பேரில் ஆறு பேர் அட்டையை பூஜையறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு மறந்துபோனார்கள். அவர்கள் உத்தமர்கள். மீதி இரண்டு பேர், அதாவது சேட்டுவும் இளங்கோவனும், அன்றிரவே பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். ஊருக்கே தெரியுமே என்பதற்காக இல்லை, ஒருவர் பாஸ்வேர்டு இன்னொருவருக்குத் தெரியுமே என்பதற்காக.

புதன்கிழமை வேலை பறந்தது. பன்னிரண்டாவது துண்டில்தான் ஒரு சிக்கல். ஒரு ஆள் தலை நிறைய முடியோடு முடியெடுக்கும் கொட்டகைக்குள் போகிறான். கொஞ்ச நேரம் கழித்து அதே வாசலில் ஒரு மொட்டை வெளியே வருகிறது. பழைய எண்ணா, புது எண்ணா? விதிப் புத்தகத்தில் மொட்டைக்கு விதி இல்லை. தமிழ்செல்வி படத்தை முன்னும் பின்னும் பத்துத் தடவை ஓட்டினாள். வேட்டிக் கரை பச்சை. இடது கையில் காப்பு. நடக்கும்போது வலது காலைக் கொஞ்சம் இழுக்கிறான். அதே ஆள், அதே எண். இருபத்திரண்டு மொட்டைகளுக்கு இப்படிக் கரையும் காப்பும் பார்த்து எண் கொடுத்தார்கள்.

மதியம் மடல் வந்தது. ஸ்ரீவர்ஷினி நான்கு ஆச்சரியக்குறி போட்டிருந்தாள். இதை எந்த ஊரிலும் யாரும் சரியாகச் செய்யவில்லையாம். மற்ற டீமெல்லாம் மொட்டையைப் புது ஆள் என்றே எழுதிவிட்டார்களாம். திரையின் மூலையில், அதுவரை முடித்த துண்டுகளுக்கான மதிப்பெண் பச்சையாக மின்னியது: 96.8. பாஞ்சாலி மேசையில் தாளம் போட்டாள். தமிழ்செல்வி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, நின்றுகொண்டே போனது கூடத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை வந்து திறந்தால், மதிப்பெண் 61.

“மிஷினுக்குக் கண்ணு போச்சா இன்னா?” என்றாள் பாஞ்சாலி, மெதுவாக.

தமிழ்செல்வி முப்பத்தோராவது துண்டைத் திறந்தாள். இருநூற்றுப் பதினாலு பேர் இருக்கிற துண்டு. அதில் ஒன்றாம் எண், படத்துக்குள் முதலில் நுழைந்த ஒரு பலூன்காரருக்கு. முதலில் நுழைந்தார் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி எதுவும் கிடையாது. கம்ப்யூட்டருக்கு அது போதும். இப்போது பார்த்தால் ஒன்றாம் எண் பெட்டி, படிக்கட்டின் இடது ஓரத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு நிற்கும் சேட்டுவின் மேல் இருந்தது. அடுத்த கணம் வலது ஓரத்தில் தோள் துண்டை உதறிக்கொண்டு நிற்கும் இளங்கோவனின் மேல். மறுபடி சேட்டு. நடுவே ஒரு கணம் ஏதோ ஒரு காவடி. மறுபடி இளங்கோவன். ஒரே மனிதர் நொடிக்கு இருபத்தைந்து தடவை கூட்டத்தின் தலைக்கு மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்துகொண்டிருந்தார். மயில் வைத்திருப்பவராலேயே முடியாத காரியம்.

இரண்டு பேர் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால், மென்பொருள் இரண்டு பேரையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிடும். சேர்த்துவிட்டு, பலூன்காரரிலிருந்து ஆரம்பித்து இருநூறு பேரையும் ஒவ்வொரு எண்ணாகக் கீழே தள்ளிவிடும். இதுபோல ஆறு துண்டுகள்.

யார் செய்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. போன் அடித்தது.

“ஏம்மா தமிழ்செல்வி, நான் சேட்டு பேசறேன். நம்ம மேனேஜர் ஆனந்தன் படத்தத் தொறந்து காட்டனான். என்னப் போயி நாப்பத்தேழுன்னு போட்டுகிறீங்க? நாப்பத்தேழு! எனக்கு முன்னால யாருன்னா, சோளம் விக்கிறவ! சரி, புள்ளைங்க தெரியாம செஞ்சிட்டுதுன்னு நானே ஒண்ணுன்னு மாத்திகினேன். காலைல பாத்தா எவனோ என் நம்பர எடுத்து அவனுக்குப் போட்டுகினு போறான்! யாருன்னு பாரு!”

வைத்த கையோடு அடுத்த போன். பஸ் ஸ்டாண்டு எதிரே நெட் சென்டரிலிருந்து இளங்கோவன்.

“தங்கச்சி, எனக்கு இந்த நம்பர்லாம் ஒரு பொருட்டே கெடையாது. மக்கள் குடுக்கிற எடந்தான் எடம். ஆனா அந்தாளு ஒண்ணுன்னு போட்டுகினு நான் நூத்தி மூணுன்னா, நாளிக்கு மிஷினு தப்பா கத்துக்குமா இல்லியா?”

மிஷினின் படிப்பில் இளங்கோவனுக்கு இருந்த அக்கறை தமிழ்செல்வியை உலுக்கிவிட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். அழுவதற்கு நேரமில்லை, முப்பது மணி நேரம்தான் இருந்தது.

வழி இருந்தது. ஒவ்வொரு துண்டையும் கெடுவதற்கு முந்தைய நிலைக்குத் திருப்பிவிடலாம். ஆனால் அதை அட்மின் மட்டுமே செய்ய முடியும். பெங்களூரில் கேட்டால் செய்து கொடுப்பார்கள். கூடவே, ஒன்றோ இரண்டோ என்று சொன்ன இடத்தில் ஏன் ஒன்பது அட்மின் என்றும் கேட்பார்கள். அதோடு கதை முடிந்துவிடும். அவள் பஞ்சாட்சரத்தின் முன்னால் போய் நின்றாள்.

“சார், உங்க லாகின் குடுங்க. அந்த ஆறையும் திருப்பிடறேன். ஆனா அதுக்கு முன்னால எல்லாருக்கும் அட்மின எடுத்துடணும். இல்லன்னா இன்னிக்கு சாயங்காலமே மறுபடி போட்டுக்குவாங்க.”

பஞ்சாட்சரம் நாற்காலியோடு இடப்பக்கம் சரிந்தார். “எடுக்கறதா? தட்டுல வெச்சி, சால்வ போட்டுக் குடுத்தத? குடுக்காம இருந்தாக்கூட கோவம்தான் வரும். குடுத்துட்டு எடுத்தா... சேட்டு அண்ணன் ஜெனரேட்டர் லைன புடுங்கிடுவாரு. நாளிக்கு ரெண்டுலேருந்து நாலு கரண்ட் கட்டு. கீழ கல்யாணம். லைன் இல்லாம நீ இன்னாத்த முடிப்ப?”

அது உண்மை. முட்டாள்தனத்தின் நடுவே திடீரென்று ஒரு உண்மையைச் சொல்லிவிடுவது அவர் வழக்கம். அதனால்தான் அவரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை.

பக்கத்து மேசையில் கணேஷ்ராம் பெட்டி போடுவதை நிறுத்தாமலே பேசினான். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். அவனும் விசேஷ நாட்களில் உள்ளே போய் நிற்பவன்தான்.

“சார், எங்க மடப்பள்ளில அடுப்பு எரியறச்சே, முறைக்காரா நாலு பேரைத் தவிர யாரும் உள்ள வரப்படாது. எவ்வளவு பெரிய மனுஷரா இருந்தாலும் வாசப்படிக்கு அந்தண்டைதான்.”

“அவங்களுக்குக் கோவம் வராதா?”

“ஒருத்தருக்கும் வந்ததில்லே. ஏன்னா அவாளுக்கு உள்ள வந்து பொங்கல் கிண்டணும்னு ஆசையா என்ன? மொதல் தட்டு தனக்கு வரணும், அவ்வளவுதானே. அது வெளில போயிடறது. உள்ள நாங்க நிம்மதியா உப்பு போடறோம்.”

தமிழ்செல்வி சட்டென்று கணேஷ்ராமின் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நேரமும் அவள் கதவைச் சாத்துவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை.

“சார்! எடுக்க வேணாம் சார். ஒசத்திடலாம்!”

“இன்னாது?”

“அந்த முப்பத்தோராவது துண்ட நகல் எடுத்து, தனித்தனியா ஒம்போது போடறேன். ஆளுக்கு ஒண்ணு. சேட்டு மொதலாளி நகல்ல அவருதான் ஒண்ணாம் நம்பரு. இளங்கோவன் அண்ணன் நகல்ல அவருதான். அவங்கவங்க படத்துல அவங்கவங்க மொத ஆளு. அங்க போயி எத்தினி தடவ வேணா பாத்துக்கலாம். இந்தப் படில பேர மாத்திக்கவும் முடியும் சார். ‘வியூவர்’ங்கறத ‘தலைமைப் புரவலர்’னு வெச்சிடலாம். நேத்து வரைக்கும் வெறும் அட்மின். இன்னிலேருந்து தலைமைப் புரவலரு!”

பஞ்சாட்சரத்தின் கண்ணில் வெளிச்சம் வந்தது. அந்தப் பதவி தன்னிடம் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “தலைமைப் புரவலர்” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “நல்லாத்தான் கீது. பேஷா பண்ணு. அவங்க எட்டு பேருக்கும் பண்ணிடு. என்னுது மட்டும் அட்மினாவே இருக்கட்டும்.”

“உங்களுதும்தான் சார்.”

“எனக்கு எதுக்கும்மா? நான் இன்னா நம்பரா மாத்தப் போறேன்?”

தமிழ்செல்வி கையில் இருந்த பிரிண்ட் தாளைப் பிரித்தாள். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று மென்பொருள் தானே எழுதிவைக்கும் பட்டியல். அதைப் படித்துப் பார்க்க ரிவியூவரே போதும். கீழேயிருந்து மேலாக வாசித்தாள்.

“இன்னிக்குக் காலைல ஆறு பத்து, இளங்கோவன், நூத்தி மூணு, ஒண்ணாச்சு. நேத்து ராத்திரி எட்டு அம்பது, சேட்டு, நாப்பத்தேழு, ஒண்ணாச்சு. அதுக்கு முன்னால நேத்து சாயங்காலம் ஆறே கால்...”

அவள் நிறுத்தினாள்.

முப்பத்தோராவது துண்டில், நூற்றறுபதாவது ஆளாக, காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரிப்பவர் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பாஞ்சாலி கீபோர்டுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

பஞ்சாட்சரம் சட்டைப் பையிலிருந்து லேமினேட் அட்டையை எடுத்தார். “பாஸ்வேர்டு எழுதிக்க” என்றார். பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், “புரவலருக்கு ‘ர்’ பெருசா போடு.”

எழுதிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் ஒன்பது நகல்கள் தயாராகின; ஒன்பது பேரும் புரவலரானார்கள், பஞ்சாட்சரத்தின் பழைய அட்மின் லாகின் மட்டும் தமிழ்செல்வியின் கையில் இருந்தது. பஞ்சாட்சரம் புதுச் சால்வைகளோடு கிளம்பினார். இதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. அரை மணியில் சேட்டுவிடமிருந்து போன். “ஆங், இப்பதாம்மா சரியா கீது. ஒண்ணாம் நம்பரு. நகராம நிக்கறேன் பாரு, மலையாட்டம்!” பின்னால் மேனேஜர் ஆனந்தன் கைதட்டும் சத்தம் கேட்டது.

அதன் பிறகுதான் உண்மையான ஓட்டம். தமிழ்செல்வி அட்மினாக உள்ளே நுழைந்து ஆறு துண்டுகளையும், கெடுவதற்கு முன் மென்பொருள் கடைசியாகச் சேமித்திருந்த புதன்கிழமை மத்தியான நிலைக்குத் திருப்பினாள். பலூன்காரருக்கு ஒன்றாம் எண் திரும்பக் கிடைத்தது. அவருக்கு அது போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ஆனால் திருப்பியதில், அதற்குப் பிறகு நியாயமாகச் செய்த வேலையும் சேர்ந்து போய்விட்டது. ஆயிரத்துச் சொச்சம் பெட்டி மறுபடி போட வேண்டும்; போடாத பெட்டியெல்லாம் தப்பென்று கணக்கானதால் மதிப்பெண் 61-ஐ விட்டு அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். கீழே நாதஸ்வரம். தமிழ்செல்வி துண்டுகளைப் பங்கு பிரித்தாள்: மொட்டையெல்லாம் கணேஷ்ராமுக்கு, காவடிக்குப் பின்னால் மறைபவர்கள் பாஞ்சாலிக்கு. யார் பெட்டி போட்டாலும் வேறொருவர் சரிபார்க்காமல் உள்ளே போகாது. யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கதவு. அதற்கு மேல் இல்லை. இந்த நாலு படியும் எதற்கு இருக்கின்றன என்று முதல்முறையாக மென்பொருளுக்கே விளங்கியிருக்கும்.

“அக்கா, எங்க அத்த இன்னும் போன்லதான் பேசிகினு கீது. அஞ்சாவது நாளு!” என்று பாஞ்சாலி கத்தினாள்.

“பேசட்டும். பெட்டி நகருதா பாரு!”

மதிப்பெண் 61-லிருந்து 78 ஆனது. 85. கல்யாணச் சாப்பாடு மாடிக்கே வந்தது. தலைமைப் புரவலர் அனுப்பிவைத்தாராம். இடது கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டவர்கள் நான்கு பேர். 89. சரியாக இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. பன்னிரண்டு பேரும் போட்டதையெல்லாம் அவசரமாகச் சேமித்தார்கள். யு.பி.எஸ். கீச்சென்று கத்த ஆரம்பித்தது; அது ஐந்து நிமிஷம் தாங்கும்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

கீழே ஜெனரேட்டர் உறுமியது. மாடியில் விளக்கு எரிந்தது. ஜன்னலுக்குக் கீழே சேட்டுவின் குரல்: “டேய், மொதல்ல மாடிக்குக் குடுறா! அப்பறம் பாத்துக்கலாம் சீரியல் பல்பு!”

முகூர்த்தம் காலையிலேயே முடிந்திருந்ததால் மாப்பிள்ளை வீட்டார் மன்னித்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு 92. நாலு மணிக்கு 94.1. அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு பெட்டி போட்டாலும் அசையவில்லை. தமிழ்செல்வி ஒவ்வொரு துண்டாகத் தேடினாள். ஒன்பதாவது துண்டில், குளக்கரையில் கூட்டமாகக் குனிந்து கால் அலம்புகிறவர்கள். ஏழு பேரின் எண் குனியும்போது ஒன்று, நிமிரும்போது வேறு. அவசரத்தில் நிகழ்ந்த தப்பு. யார் என்று கேட்கவில்லை. எல்லோரையும் விட்டுவிட்டு அவளே உட்கார்ந்தாள். கொலுசு, கைப்பை, கிழிந்த பிளாஸ்டிக் கூடை. ஒருத்தி. இரண்டாமவள். நாலே முக்காலுக்கு ஏழாவது ஆளையும் முடித்து, கணேஷ்ராம் சரிபார்த்து, பொத்தானை அழுத்தினாள்.

மதிப்பெண் வட்டம் சுற்றியது. பஞ்சாட்சரம் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அவரிடம் எந்தப் பதவியும் இல்லை.

96.4.

பாஞ்சாலி போட்ட கூச்சலில், கீழே கட்டுச்சோற்றுக் கூடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏதோ விபரீதம் என்று மாடியேறி ஓடிவந்தார்கள். அவர்களுக்கும் கை கொடுத்தார் பஞ்சாட்சரம்; கார்டும் கொடுத்தார்.

ஐந்தரைக்கு ஸ்ரீவர்ஷினி. “கன்ஃபர்ம்டு! ரெண்டு வருஷம்! அந்த மொட்டை வேலையைப் பார்த்துட்டு இங்க எல்லாரும் அசந்து போயிட்டாங்க. பட்டியல்லயும் பார்த்தேன், கடைசி ரெண்டு நாளா ஒரே அட்மின்தான். ரொம்ப ஒழுங்கா நடத்தறீங்க. யார் அது, பஞ்சாட்சரம் சாரா?”

தமிழ்செல்வி அவரைப் பார்த்தாள். அவர் உத்தரத்தைப் பார்த்தார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்பீக்கரின் பக்கம் குனிந்தார்.

“இல்லீங்க மேடம். தமிழ்செல்விதான். நான் தலைமைப் புரவலரு.”

“ஓ” என்றாள் ஸ்ரீவர்ஷினி, மரியாதையாக. “அப்ப தமிழ்செல்வி பேர்லயே அட்மின் மாத்திடறேன்.”

திங்கட்கிழமை காலை பத்து நிமிஷ பஸ்ஸில் வந்து இறங்கி, தமிழ்செல்வி தன் பெயரிலேயே உள்ளே நுழைந்து அடுத்த இருநூறு துண்டுகளைத் திறந்தாள். அப்போது மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம். சேட்டு. சால்வையோடு. நாற்காலி போட்டாள், எல்லாச் சக்கரமும் உள்ள நாற்காலி.

“ஒண்ணு கேக்கணும்மா. நீங்க இவ்ளோ கத்துக் குடுக்கிறீங்களே, நாளிக்கு நான் மலைக்குப் போறப்ப, அந்த மிஷினு என்னப் பாத்தா இன்னான்னு சொல்லும்?”

“ஆளுன்னு சொல்லும்ங்க.”

“ஆளுன்னு. அப்பறம்?”

“அவ்ளோதாங்க.”

சேட்டு சால்வையை மடித்தார், பிரித்தார்.

“இளங்கோவன?”

“அவரையும் ஆளுன்னுதாங்க சொல்லும்.”

“அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதே?”

“சொல்லாதுங்க.”

“ஆங்” என்றார் சேட்டு. முகம் மெல்ல மலர்ந்தது. “அப்ப சரியாத்தான் கத்துக் குடுத்துகினு கீறீங்க” என்று சொல்லிவிட்டு, மலையாட்டம் எழுந்து இறங்கிப் போனார்.